ஃபார்மட் போடும் முன் பதிவேட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

“நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு அண்ணாச்சி. இன்னைக்கு டைப் அடிச்சுக்கிட்டு இருக்கையிலேயே சடார்னு மூடிக்கிடுது. சாஃப்ட்வேர் சரியில்ல போல.” நெல்லை டவுன், பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை என எந்தக் கணினிக் கடையில் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஃபார்மட் போட்டுருவோம்.”

அந்தப் பதில் மாறவேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். ஃபார்மட் போட்டால், அதாவது டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால், பழுது போகிறதோ இல்லையோ, பழுதின் தடயம் முழுதும் போய்விடும். கூடவே பல வருஷமாகச் சேர்த்த எழுத்துருக்கள், அழைப்பிதழ் மாதிரிகள், பிரிண்டர் அமைப்புகள், சில நேரம் கணக்குக் கோப்புகளும் போகும். காரணம் ரேம் என்ற தற்காலிக நினைவகத்திலோ மின்சாரத்திலோ இருந்தால், புதிதாகப் போட்ட விண்டோஸும் சில நாளில் அதே மாதிரி விழும். அப்புறம் மென்பொருள் செய்தவருக்குத்தான் திட்டு. அவருக்கோ அந்தக் கணினிக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

அதே மென்பொருள், அதே பதிப்பு, பக்கத்துக் கடையில் நாள் முழுக்க ஓடுகிறதென்றால் முதல் சந்தேகம் நம் கணினிமீது விழவேண்டும். விழும்போது திறந்திருந்த கோப்பைப் பென்டிரைவில் எடுத்துப்போய் வேறொரு கணினியில் திறந்து பார்ப்பது பத்து நிமிட வேலை. அங்கேயும் அதே இடத்தில் மூடினால் கோப்பிலோ மென்பொருளிலோ கோளாறு. அங்கே ஓடினால் இங்கே தேடவேண்டும்.

எது விழுகிறது என்பதையும் பிரித்துச் சொல்லவேண்டும். மென்பொருள் மட்டும் மூடி, டெஸ்க்டாப் அப்படியே நிற்கிறதா? விண்டோஸே நின்று நீலத்திரை வருகிறதா? இல்லை, ஒரு வார்த்தையும் சொல்லாமல் மொத்தக் கணினியும் பட்டென்று அணைகிறதா? மூன்றையும் ‘கிராஷ்’ என்றே சொல்கிறோம். மூன்றுக்கும் வழி வேறு. கடைசியாகச் சொன்னது மென்பொருளால் வருவது அபூர்வம். அது மின்சாரம் அல்லது சூடு. அப்போது விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அதையே காரணம் என்று எடுத்துக்கொண்டு இணையத்தில் தேடி அலையவேண்டாம். போன தடவை முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதை, கணினி மறுபடி எழும்போது எழுதிவைக்கிற குறிப்பு அது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41 வரும்.

விண்டோஸ் இதையெல்லாம் தானாகவே எழுதிவைக்கிறது என்பது பயன்படுத்துவோர் பலருக்குத் தெரியாது. ஸ்டார்ட்டை அழுத்தி ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று வரும். திறந்தால் நாள்வாரியாக ஒரு கட்டம். மென்பொருள் விழுந்த நாளில் சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி இருக்கும். ஏதாவது புதிதாக நிறுவிய அல்லது அப்டேட் ஆன நாளில் நீலக் குறி. முதலில் பார்க்கவேண்டியது, முதல் சிவப்புக்கு முந்தின ஒன்றிரண்டு நாளில் என்ன நீலம் இருக்கிறது என்பதை. புது பிரிண்டர் டிரைவரோ (பிரிண்டரை விண்டோஸோடு பேசவைக்கும் துணை மென்பொருள்), புது ஆன்டிவைரஸோ அங்கே இருந்தால் பாதி வேலை முடிந்தது. “நான் ஒண்ணுமே போடலியே” என்று வாடிக்கையாளர் சொல்வது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. தானாக அப்டேட் ஆனது அவருக்குத் தெரியாது.

அடுத்து, சிவப்புக் குறிக்குக் கீழே அந்த மென்பொருள் பெயரை இரண்டு முறை சொடுக்கினால் ‘ஃபால்ட் மாட்யூல் நேம்’ என்று ஒரு வரியும் ‘எக்ஸெப்ஷன் கோட்’ என்று ஒரு வரியும் வரும். விழுந்தது எந்தத் துண்டுக்குள் என்பதை முதல் வரி சொல்கிறது. பத்து தடவை விழுந்திருந்தால் பத்தையும் பாருங்கள். பத்திலும் ஒரே மாட்யூல் என்றால் அதுதான் ஆள். பெயர் ‘என்வி’ என்று தொடங்கினால் என்விடியா கிராபிக்ஸ் டிரைவர், ‘ஐஜி’ என்று தொடங்கினால் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவராக இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாட்யூல், வேறு வேறு மென்பொருள், காலையில் வேர்டு, மத்தியானம் குரோம், சாயங்காலம் விண்டோஸே என்று இருந்தால் எந்த மென்பொருளையும் குறை சொல்ல முடியாது. ரேம், எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), சூடு, ஹார்டு டிஸ்க் என்று அடியிலிருந்து வரவேண்டும். ‘என்டிடிஎல்எல்’ என்ற பெயர் அடிக்கடி வரும். அது விண்டோஸின் சொந்தக் கோப்பு. மற்றவர் செய்த தப்பு அங்கே வந்து வெளிப்படுகிறது. அதை அழிப்பதோ, இணையத்தில் இறக்கி மேலே ஒட்டுவதோ கூடவே கூடாது. எக்ஸெப்ஷன் கோடில் சி-யும் ஆறு சுழியும் 5-ம் இருந்தால், தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைத் தொட்டதால் மூடப்பட்டது என்று பொருள். மென்பொருள் பிழையாலும் வரும், கெட்ட ரேமாலும் வரும். அதனால்தான் மாட்யூலோடு சேர்த்துப் படிக்கவேண்டும்.

இனி அடியிலிருந்து. எங்கள் சீமையில் மின்சாரத்திலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

டிடிபி கடைகளில், அதாவது பேஜ்மேக்கர் போன்ற மென்பொருளில் பக்கம் அமைத்துக் கொடுக்கும் கடைகளில், அடிக்கடி கேட்கும் புகார்: “பிரிண்ட் கொடுத்தா பேஜ்மேக்கர் போயிடுது, சில நேரம் சிஸ்டமே ரீஸ்டார்ட் ஆயிடுது.” மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால் லேசர் பிரிண்டரின் வயரும் யூபிஎஸ்ஸிலேயே சொருகியிருக்கும். கடைகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுக்குத்தான். லேசர் பிரிண்டர் தாளில் மையை உருக்கி ஒட்டவைக்க உள்ளே ஒரு சூடேற்றி வைத்திருக்கிறது; அது எரியும் சில நொடிகளில் சின்னப் பிரிண்டரே பல நூறு வாட் இழுக்கும். மின்வாரிய மின்சாரம் இருக்கும்போது அது யூபிஎஸ் வழியாகக் கடந்துபோய்விடும். வோல்டேஜ் குறைந்து யூபிஎஸ் பேட்டரிக்கு மாறிய நேரத்தில் பிரிண்ட் போனால் யூபிஎஸ் கைவிரித்துவிடும். பேஜ்மேக்கர் அங்கே செய்த பாவம் ஒன்றுமில்லை. லேசர் பிரிண்டரை நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள்; யூபிஎஸ்ஸில் கணினியும் மானிட்டரும் மோடமும் போதும்.

யூபிஎஸ் பேட்டரியின் ஆயுள் நம் வெக்கையில் இரண்டு மூன்று வருஷம். பச்சை விளக்கு எரிகிறது என்பதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எல்லாக் கோப்புகளையும் சேமித்து மூடிவிட்டு, கணினி ஓடும்போதே யூபிஎஸ்ஸின் சுவர் பிளக்கை அணைத்துப் பாருங்கள். ஐந்து நிமிஷம் நிற்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றவேண்டும். பக்கத்தில் மாவு மில்லோ, அரிசி ஆலையோ, மோட்டார் செட்டோ இருக்கும் லைனில் இந்தச் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது. மோட்டார் எழும்போதெல்லாம் வோல்டேஜ் குதித்து இறங்கும். யூபிஎஸ் ஒரு நாளில் பலமுறை பேட்டரிக்கும் லைனுக்கும் மாறிக்கொண்டிருக்கும். மாறும் அந்தச் சில மில்லிநொடியைக் கணினியின் எஸ்எம்பிஎஸ் தன் கையிருப்பில் தாங்கவேண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ் 16 மில்லிநொடி வரை தாங்கும். கேபினெட்டோடு விலைமலிவாக வரும் பெட்டி, மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும், பெரும்பாலும் தாங்குவதில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். பெரிய நாலு துளை கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4-லிருந்து 12.6 வோல்ட் வரை, சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75-லிருந்து 5.25 வரை இருக்கவேண்டும். சும்மா நிற்கும்போது அளந்தால் பிரயோசனமில்லை. போட்டோஷாப்பில் பெரிய படத்தைச் சேமிக்கும்போதோ, வீடியோ மாற்றும்போதோ அளக்கவேண்டும். அளவு சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். வோல்டேஜில் இருக்கும் நெளிவுகளைச் சாதாரண மீட்டர் காட்டாது.

எர்த். கேபினெட்டின் பெயின்ட் போகாத இரும்பைத் தொடும்போது விரலில் சுருக்கென்று இருக்கிறதா? அது எர்த் வரவில்லை என்பதற்கு அடையாளம். எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட் இரும்புக்கு இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால் கேபினெட் பாதி வோல்டேஜில், ஏறத்தாழ 115 வோல்ட்டில், மிதக்கும். கரன்ட் மிகக் கொஞ்சம் என்பதால் ஆளைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. யூஎஸ்பியில் மாட்டியதைத்தான் படுத்தும். இ-சேவை மையங்களில் கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் இடையில் விட்டு விட்டு மறைவதும், அதை நம்பி ஓடும் மென்பொருள் மூடிக்கொள்வதும் பல இடத்தில் இதனால்தான். மூன்றாவது பின்னை உடைத்து இரண்டு பின் பிளக்கில் சொருகியிருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்துபோகும். வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போனால் கணினிக்காரரை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சூடு பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, எல்லோரும் ஓரளவு அறிந்ததே. புராசசர் வேலை செய்யும்போது 80, 85 டிகிரி வரை கவலையில்லை; 95, 100-ஐத் தொட்டால் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடித்தூள், ஆலைப் பக்கம் உமித்தூசி, இரண்டும் ஹீட்சிங்கின் (புராசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளின்) இடுக்கில் கம்பளி மாதிரி படிந்துவிடும். புளோவர் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். புராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே இருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதுசு வைத்தால் போதும்.

ரேம் விஷயத்தில் அவசரம் கூடாது. விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக்கில் பிழை வரவில்லை என்பதால் ரேம் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் போட்டு, இரவு கடையைப் பூட்டும்போது ஓடவிட்டுப் போங்கள். இலவசப் பதிப்பு நாலு சுற்று ஓடும். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அது தோல்விதான். “ஒண்ணே ஒண்ணுதானே” என்று விடக் கூடாது. பிழை வந்தால் உடனே புது ரேம் வாங்க ஓடவேண்டாம். உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று ரேமின் தங்கப் பற்களில் படலம் கட்டும். மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதித் தள்ளிவிட்டு மாட்டுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அந்தத் தங்கப்பூச்சு மிக மெல்லியது. மறுபடியும் பிழை என்றால் ஒவ்வொரு ரேமாக, ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பாருங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) எக்ஸ்எம்பி போட்டு ரேமின் வேகத்தைக் கூட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பல கணினிகளில் அதோடு தீரும்.

ஹார்டு டிஸ்க்கின் நிலையைப் பார்க்க கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் உண்டு. அதில் 05, சி5 என்ற இரண்டு வரிசையில் எதிலாவது எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் அன்றே பிரதி எடுங்கள். சி7 மட்டும் கூடினால் பெரும்பாலும் டிஸ்க் நல்லது, அதை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் கெட்டது. கேபிளை மாற்றுங்கள்.

நாமே கெடுத்துக்கொள்வதும் உண்டு. “கம்ப்யூட்டர் வேகமாகும்” என்று காணொளியில் பார்த்துவிட்டு ரேம் போதாதபோது டிஸ்க்கில் இடம் எடுத்துக்கொள்ளும் விர்ச்சுவல் மெமரியைப் பூஜ்யமாக்கி வைத்திருப்பார்கள். 4 ஜிபி ரேமில் குரோமும் வடிவமைப்பு மென்பொருளான கோரல்டிராவும் ஒன்றாக ஓடும்போது இடம் தீர்ந்து, எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒன்று மூடும். அதைத் தானியங்கி அமைப்புக்குத் திருப்பி, சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக வைத்தால் சரியாகும். இரண்டு ஆன்டிவைரஸ், இரண்டு தமிழ் விசைப்பலகை மென்பொருள், இவையும் இப்படித்தான். ஒவ்வொரு விசையையும் இரண்டும் பிடித்திழுத்தால் இடையில் வேர்டு என்ன செய்யும்? ஒன்றை நீக்குங்கள். கிராக் போட்ட (உரிமம் வாங்காமல் கோப்பை மாற்றி ஓட்டும்) மென்பொருள் முதல் நாள் ஓடி மறுநாள் விழுந்தால், மாற்றிவைத்த கோப்பை ஆன்டிவைரஸ் தூக்கியிருக்கும். அதற்காக ஆன்டிவைரஸை அணைப்பதைப்போல் ஆபத்தான காரியம் வேறில்லை.

அழைப்பிதழ், நோட்டீஸ் அடிக்கும் கடைகளுக்கு எழுத்துருதான் பெரிய தலைவலி. ஆயிரக்கணக்கில் போட்டுவைத்திருப்பார்கள்; அதில் உடைந்த ஒன்று போதும், எழுத்துருப் பட்டியலைத் திறந்ததும் கோரல்டிரா விழும். ஒவ்வொன்றாகத் தேடினால் ஆயுசு போதாது. நாம் சேர்த்த எழுத்துருக்களில் பாதியை வேறொரு ஃபோல்டருக்கு நகலெடுத்துவிட்டு நீக்குங்கள். விழுவது நின்றால் குற்றவாளி நீக்கிய பாதியில். நிற்காவிட்டால் இருக்கும் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 2,000 எழுத்துரு இருந்தாலும் பதினோரு தடவையில் ஒன்றில் வந்து நிற்கும். விண்டோஸோடு வந்தவற்றைத் தொடவேண்டாம். பேஜ்மேக்கர் 7-க்கு இன்னொரு குணம்: இயல்புப் (டிஃபால்ட்) பிரிண்டரின் டிரைவரைக் கேட்டுத்தான் பக்கத்தை அமைக்கும். அந்தப் பிரிண்டர் நெட்வொர்க்கில் அணைந்து கிடந்தால் இதுவும் திணறும். ‘என் இயல்புப் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்’ என்ற அமைப்பை எடுத்துவிட்டு, நேராக இணைத்த ஒன்றை இயல்பாக வையுங்கள். 2001-இல் வந்த மென்பொருளை இன்றைய விண்டோஸில் ஓட்டுகிறோம் என்பதையும் மனதில் வைக்கவேண்டும்.

ஃபார்மட்டுக்குப் பதிலாகச் செய்யக்கூடிய மிகச் சுலபமான சோதனை ஒன்று உண்டு: புதிதாக ஒரு யூசர் கணக்கு தொடங்கி, அதில் நுழைந்து, அதே மென்பொருளை ஓட்டுவது. ஐந்து நிமிஷம் ஆகும். அங்கே ஓடினால் விண்டோஸும் நல்லது, மென்பொருளும் நல்லது. பழைய கணக்கில் சேர்ந்த அமைப்புகள்தான் கெட்டிருக்கின்றன. கோரல்டிராவைத் திறக்கும்போது எஃப்8-ஐ அழுத்திப் பிடித்தால் அமைப்புகள் பழையபடிக்குத் திரும்பும். போட்டோஷாப்புக்கு கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றும் சேர்த்து. வேர்டைக் கன்ட்ரோல் பிடித்துக்கொண்டு திறந்தால் ஆட்-இன் எனும் துணைநிரல் எதுவும் இல்லாமல் திறக்கும். புதுக் கணக்கிலும் விழுந்தால் விண்டோஸின் தொடக்க அமைப்புகள் இருக்கும் ‘எம்எஸ்கான்ஃபிக்’ திறந்து, சர்வீசஸ் பகுதியில் மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைத்துவிட்டு மிச்சத்தை அணைத்து, மறுபடி தொடங்கிப் பாருங்கள். ஓடினால் எழுத்துருவுக்குச் சொன்ன அதே பாதிக்குப் பாதி முறைதான். எப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேமையும் டிரைவரையும் ஒரே நாளில் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாமல் போகும்.

தேதி தப்பாகிப்போவதையும் மென்பொருள் தலையில் கட்டுகிறார்கள். மதர்போர்டில் தேதி நேரத்தைக் காத்துவைக்கும் சிஆர்2032 என்ற சின்ன பேட்டரி தீர்ந்தால், பிளக்கை அணைத்து எடுத்ததும் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும். அப்போது பாதுகாப்பான எந்த இணையதளமும் திறக்காது. அதேபோல விண்டோஸ் 7-இல் குரோமின் கடைசிப் பதிப்பு 109. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. தளங்கள் முன்னே போகின்றன. இதில் அவற்றைக் குறைசொல்ல இடமில்லை.

எல்லாப் பழியும் பயன்படுத்துவோருக்கே என்று சொல்ல நாங்கள் வரவில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டால் உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்ததாக மைக்ரோசாஃப்ட் கணித்தது. அதில் எந்தக் கடைக்காரரும் எதையும் தொடவில்லை. ஒரே நாளில் பல ஊரில் பல கணினிகள் ஒரே மாதிரி விழுந்தால் குற்றம் வெளியே. அதே வருஷம் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிப் புராசசர்கள் சிலவற்றில் விளையாட்டுகள் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று சொல்லி மூடின. ஆட்கள் கிராபிக்ஸ் கார்டை மாற்றிப் பார்த்தார்கள். கோளாறு புராசசரிலேயே இருந்தது. பயாஸ் அப்டேட் தேவைப்பட்டது, இன்டெல் உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டியது. அந்தத் தலைமுறைக் கணினி வைத்திருப்போர் பயாஸை இன்னும் புதுப்பிக்கவில்லை என்றால் இப்போதாவது செய்யவேண்டும்.

மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதுவதென்றால் “ஓடவில்லை” என்று மட்டும் எழுதாதீர்கள். மென்பொருளின் பதிப்பு எண், விண்டோஸின் பதிப்பு, ரேம் அளவு, கிராபிக்ஸ் கார்டும் அதன் டிரைவர் தேதியும், விழுந்த தேதி நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பது, ஃபால்ட் மாட்யூல் வரி, எக்ஸெப்ஷன் கோட், வேறு கணினியில் அதே கோப்பு ஓடியதா இல்லையா. இவ்வளவும் ஒரு தாளில் அடங்கும்.

பழுதுநீக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபார்மட் தவிர்க்க முடியாது என்றாலும், அதற்கு முன் ரிலையபிலிட்டிப் பக்கத்தை ஒரு போட்டோவும், சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் மினிடம்ப் ஃபோல்டரை (நீலத்திரை வந்தபோது விண்டோஸ் எழுதிவைத்த குறிப்புகள்) ஒரு பென்டிரைவிலும் எடுத்து வையுங்கள். பில்லில் ‘சிஸ்டம் சர்வீஸ்’ என்று ஒரே வரி போடாமல், எதைச் சோதித்தீர்கள், என்ன அளவு வந்தது, எதை மாற்றினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். அடுத்த தடவை அந்தக் கணினி வேறு கடைக்குப் போனாலும் அங்கே இருப்பவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்குவோர் சிலர்,
பாளையங்கோட்டை.